பலகை போட்ட கடையில் ஒரு பெருநாள்

தண்ணீர் தெளித்த புதுத் துணியின் மேல் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தால் கஞ்சியும் கரியும் கலந்து ஒரு வாசம் கிளம்பும். மற்றப் பிள்ளைகளுக்கு அது பண்டிகை வருகிறது என்று சொல்லும் வாசம். எனக்கோ, இனிக் கொஞ்ச நாளைக்கு அத்தாவை வீட்டில் பார்க்க முடியாது என்று சொல்லும் வாசம். திண்டுக்கல் ரத வீதியில் ஒரு தையல் கடையில் அத்தா வேலை பார்த்தார். அறுபதுகளில் ரெடிமேட் சட்டையை எங்கள் பக்கம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. தாடிக்கொம்பிலிருந்தெல்லாம் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள், போகும்போது எல்லாரும் ஒரே மாதிரி, பண்டிகைக்கு முந்தின நாள் கண்டிப்பாக வேண்டும் என்பார்கள்.

கடையில் மூன்று மெஷின். ஒன்றில் அத்தா, ஒன்றில் கருப்பையா மாமா, இன்னொன்றில் வேதக்காரரான அருளப்பன் மாமா. இந்த மூன்று பேருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது, அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் "முறை". தீபாவளி என்றால் அத்தாவும் அருளப்பன் மாமாவும் கடைசி நேரக் குவியலைத் தைத்துத் தள்ளுவார்கள், கருப்பையா மாமா வீட்டுக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு அருளப்பன் மாமா கிளம்புவார். பெருநாள் வந்தால் அத்தாவின் குவியலை மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். முதலாளி இதில் விரலைக்கூட அசைத்தது கிடையாது. ஆனால் ஊருக்குள் சொல்லும்போது மட்டும், "நம்ம கடையில எந்தச் சாமிக்கும் லீவு உண்டுப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

வாரத்துக்கு ஒரு நாள் கடையை மூட வேண்டும், பண்டிகைக்கு லீவு விட வேண்டும் என்றெல்லாம் சட்டம் அப்போதே வந்துவிட்டது. முதலாளியும் சட்டத்தை மதிக்கிறவர்தான். வார லீவன்று தவறாமல் வாசலில் பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகி மூடிவிடுவார், மூன்று பேரையும் உள்ளே வைத்து! "கடைக்குத்தான்யா லீவு, கைக்கு என்ன லீவு?" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. வெளியே யாராவது பலகையைத் தட்டினால் அது லேபர் இன்ஸ்பெக்டராக இருக்கலாம். உடனே பல்பை அணைக்க வேண்டும், மெஷினிலிருந்து காலை எடுக்க வேண்டும், மூச்சுக் காட்டக் கூடாது. இதை அவர் அவர்களுக்கு நன்றாகவே பழக்கி வைத்திருந்தார்.

ஒரு வருஷம் நோன்புப் பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. "முறை" அதோடு முறிந்தது. ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குப் பண்டிகை என்றால், பாவம், அருளப்பன் மாமா ஒருவர் எத்தனை மெஷினில் உட்காருவார்? அத்தா ஒரு வாரம் முன்பே லீவு கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "பொங்கலுக்குத் தேதி இருக்கு பாய். உங்களுக்குப் பிறை தெரிஞ்சாத்தானே பெருநாள்? தேதியே இல்லாத நாளுக்கு நான் எப்படி லீவு விட? தெரியட்டும், அந்த நிமிசமே கெளம்பிருங்க." அத்தா அதை நம்பினார். 

பிறை பார்க்கும் நாள் கடையின் வார லீவு நாளாக வந்தது. பலகை போட்டிருந்தது, உள்ளே மூன்று மெஷினும் ஓடின. நான் பேகம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு நின்று, மேகத்துக்குக் கீழே நகக்கீறல் போலப் பிறையைப் பார்த்தேன். பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. மெஷின் சத்தத்தில் அது கடைக்குள் கேட்காது என்று அம்மாவுக்குத் தெரியும். "ஓடிப் போயி அத்தாட்ட சொல்லுமா, கையோட கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினார். ஓடினேன். பலகையைத் தட்டினேன். இடுக்கில் தெரிந்த வெளிச்சம் பட்டென்று அணைந்தது. "அத்தா, பிறை தெரிஞ்சிருச்சு, வாங்க!" என்று கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தட்டி, மறுபடி கத்தினேன். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர், "கடை லீவும்மா, உள்ள யாரும் இல்ல" என்றார். அணைந்த வெளிச்சம் என் கண்ணில் இருந்தது, ஆனால் பெரியவர் சொல்கிறாரே என்று, அத்தா வேறு வழியாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துத் திரும்பி ஓடினேன். வீட்டில் அத்தா இல்லை.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு அருளப்பன் மாமாதான் சொன்னார். என் குரல் கேட்டதும் அத்தா எழுந்துவிட்டாராம். இன்ஸ்பெக்டர் அன்று ரத வீதியில் சுற்றுவதாகப் பேச்சு, அதனால் முதலாளி வாயில் விரலை வைத்து அத்தாவை உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் போன பிறகு பல்பு எரிந்தது. "வெட்டிப் போட்ட துணியெல்லாம் கெடக்கு பாய், இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றாராம். அந்த நிமிசமே கெளம்பிருங்க என்று சொன்னது இதே வாய்தான். "நீ போ மாப்ளே, நான் பாத்துக்கிறேன்" என்று கருப்பையா மாமா சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் காலடியில் அவருடைய பிள்ளைகளின் பொங்கல் துணி வெட்டாமலே கிடந்தது. அத்தா அதைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்து ஆண்களெல்லாம் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு திரும்புகிற நேரத்தில், அவர்களுக்கு எதிரே அத்தா நடந்து வந்தார். சட்டையெல்லாம் நூல். பெருநாள் தொழுகை தப்பினால் தப்பினதுதான், அதைத் தனியாகத் தொழுது ஈடு கட்ட முடியாது. அம்மா எடுத்து வைத்திருந்த புதுச் சட்டையை அவர் தொடவில்லை. நெய்ச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அத்தா மேல் வந்த கோபம்தான் பெரிது. பெற்ற பிள்ளை தெருவில் நின்று கத்தும்போது ஒரு மனுஷர் எப்படிப் பேசாமல் இருப்பார்?

கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள் இதை அவரிடமே கேட்டேன். "நான் பதில் சொல்லி, இன்ஸ்பெக்டரு வந்து கடைய மூடிருந்தா, கருப்பையா புள்ளைங்க என்னத்தம்மா உடுத்தும்?" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அந்தக் காலத்து ஒற்றுமையைப் பற்றி இப்போது மேடை போட்டு மெச்சுகிறார்கள். மெச்சட்டும், அது உண்மைதான். அந்த மூன்று பேரும் ஒருவர் பண்டிகைக்காக ஒருவர் முதுகொடிந்தார்கள். ஆனால் லீவு விட வேண்டியவர் பக்கத்திலேயே நின்று பேர் வாங்கிக்கொண்டிருந்ததை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.

அந்தத் தையல் கடை இன்று இல்லை, மூன்று பேரும் இல்லை. இப்போது அதே வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஜவுளிக் கடைகள். போன பெருநாளுக்கு முந்தின மாலை பேரனுக்குச் சட்டை எடுக்கப் போனேன். எடுத்துக் காட்டிய பெண் தலையில் முக்காடு. நின்று நின்று கால் வலிக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்கு உனக்கு லீவுதானம்மா?"

"நாளைக்கு எங்கம்மா? கூட்டமா இருக்கும். பெருநாளைக்கு மறுநா தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

"கூட வேலை பாக்குற பிள்ளைங்க யாரும் உனக்காக நிக்க மாட்டாங்களா?"

"நாங்க பேசிக்கக் கூடாதும்மா. கேமரா இருக்கு."

வந்த கோபத்தில் எடுத்த சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, நான் வாங்காமல் வந்ததால் அந்தப் பெண்ணுக்கு லீவா கிடைத்துவிடப் போகிறது?