கூடப் பாடிய குரல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேதமாணிக்கம் குடிப்பவர் அல்ல. பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. 1936, சித்திரை மாதம், திருவனந்தபுரம் கரமனையில், கொளுத்தும் வெயில் நேரத்தில் அவருக்கு நடந்தது இது.

இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றின் ஒலிப்பதிவாளர் அவர். பாடகியைத் தேர்ந்தெடுப்பது, பாட்டைத் தீர்மானிப்பது, மெழுகுத் தட்டில் பதிவது எல்லாம் அவர் பொறுப்பு. கைராசிக்காரர் என்று பெயர். ஈவிரக்கம் இல்லாதவர் என்றும் பெயர். கரமனையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, தெருச் சத்தம் வராமல் ஜன்னல்களில் கம்பளி அடித்திருந்தார். கூடத்தில் மைக். பக்கத்து அறையில் அவரும் இயந்திரமும். நடுவே ஒரு கண்ணாடி.

அன்று பாட வந்தவள் பிச்சம்மாள். உடம்பில் காய்ச்சல். பிடில் வாசிக்க மலையாளி ஸ்ரீகண்டன்.

முதல் தடவை பாடும்போதே வேதமாணிக்கம் முகம் சுளித்தார். மைக்கிலிருந்து வரும் காதுக்குழாயில் இரண்டு குரல்! பிச்சம்மாளின் குரலுக்கு அடியில் இன்னொரு பெண் மெல்லக் கூடப் பாடினாள். காதுக்குழாயைக் கழற்றிவிட்டுக் கதவிடுக்கில் காது வைத்தார். ஒரே குரல்தான். திரும்ப மாட்டினார். இரண்டு.

"கம்பியில ஏதோ கோளாறு. திருப்பிப் பாடு."

இரண்டாம் தடவை அந்தக் குரல் கொஞ்சம் மேலே வந்தது. பிச்சம்மாளின் குரல் கொஞ்சம் தேய்ந்தது. மூன்றாம் தடவை அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தால் அல்ல... அப்படியொரு குரலை அவர் ஜென்மத்தில் கேட்டதில்லை.

பிச்சம்மாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, உள்ள யாரோ பிடிச்சு இழுக்கது மாதிரி இருக்கு. நாளைக்குப் பாடட்டா?"

"மதி சாரே, போதும்," என்றார் ஸ்ரீகண்டன். "அவளுக்கு தீரே வய்யா, கொஞ்சமும் முடியலை."

வேதமாணிக்கத்துக்குப் புரிந்துவிட்டது. இவளிடமிருந்து போவதுதான் அந்தக் குரலில் போய்ச் சேர்கிறது.

"இன்னும் ஒரே தடவை."

"ஐயா..."

"பாடலேன்னா இனி எந்தக் கம்பெனியிலயும் நீ பாட மாட்டே."

அவள் பாடினாள்.

பாதிப் பாட்டில் கண்ணாடி வழியே பார்த்தார். ஸ்ரீகண்டனின் வில் நின்றுபோயிருந்தது. பிச்சம்மாளின் வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.

காதுக்குழாயில் பாட்டு நிற்கவில்லை.

பிடில் இல்லாமல்...

மூச்சே எடுக்காமல்...

ஊசி மெழுகைச் சீவிக்கொண்டே போனது. கிர்ர்ர்...

அவர் நிறுத்தவில்லை.

பிச்சம்மாள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார் வைத்தியர். தட்டு அச்சாகி வந்தது. அவள் பெயரிலேயே விற்றது, அமோகமாக விற்றது.

மறு வருஷம், நாகர்கோவிலில் தட்டு விற்கும் பூதலிங்கம் வந்தார்.

"நல்ல ஓட்டம் சார். ஒரு சங்கதி கேட்டியளா? தட்டைப் போட்டுக் கூடவே பாடிப் படிச்ச பிள்ளையளுக்கு வாயடைச்சுப் போச்சு. கோட்டாறுல ஒண்ணு, வடசேரியில ரெண்டு."

"தொண்டைப் புண்ணாயிருக்கும். எத்தனை பெட்டி வேணும்?"

"அஞ்சு. பழசு வேண்டாம். அதே பாட்டு இப்பம் புதுசா அடிச்சு வந்துதே, அது. அதுல சேர்ந்து பாடுகது யாரு சார்? நல்லா இருக்கு... மூணு சின்னப் பிள்ளையள் சத்தம்."

வேதமாணிக்கம் ரசீது எழுதினார். ஐந்து பெட்டியையும் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

அந்தப் பாட்டை அவர் மறுபடி பதியவே இல்லை. புதிய தட்டுகளும் அதே மெழுகிலிருந்து எடுத்த அதே அச்சில் வார்த்தவைதான்.