பெட்டியில் ஒரு கத்தி மிச்சம்

நல்லையா அண்ணனுக்கு மூன்று குரல். டாக்டரின் கார் வந்தால் வெண்ணெய் தடவிய "குட் மோர்னிங் சேர்". சிங்களக்காரர் வந்தால், கொஞ்சம் இருங்கள் ஐயா என்பதைப் பாட்டுப்போல "டிக்கக் இன்ன மாத்தயா". தோட்டத்து ஆளைக் கண்டால் மட்டும் கங்காணிக் குரல்: "ஏய், மணி அடிக்காம எங்க போற? கத்திய பெட்டில போடு!" மூன்றையும் நான் செய்து காட்டினால் வார்டே சிரிக்கும், அவரும் சிரிப்பார். கேகாலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் கேட் செக்குரிட்டி, நான் அட்டெண்டன்.

றப்பர் மலையிலிருந்து நேரே வருகிறவர்களின் இடுப்பில் பால் வெட்டுகிற கத்தி இருக்கும். அதை வாங்கிப் பெட்டியில் போட்டு, நோயாளரைப் பார்க்கும் நேரத்து மணி அடித்ததும் உள்ளே விட்டு, திரும்பும்போது கொடுப்பது அவர் வேலை.

ஒரு மத்தியானம் இராமசாமி என்பவர் ஓடி வந்தார். உள்ளே மனைவி வெள்ளையம்மாவுக்கு மூச்சு இழுக்கிறதாம்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. மணி அடிக்கட்டும்," என்று கத்தியை வாங்கிக்கொண்டு அண்ணன் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

மணி அடித்து அவர் உள்ளே போனபோது வெள்ளையம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். வெளியே வந்தவர் சத்தம் போடவில்லை.

"கத்தி ஒங்ககிட்டயே இருக்கட்டும். காரியம் முடிச்சிட்டு வாறேன்."

அன்றோடு அண்ணனின் மூன்று குரலும் போயின. சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடக்கும். பஸ் பிரேக் போட்டால் எழுந்து நிற்பார். அந்தக் கத்திக்கு மட்டும் தினமும் தேங்காயெண்ணெய் தடவினார். ஒருநாள் அவர் குரலில் பேசிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு செக்குரிட்டியான மக்கீன் நானா, தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்.

"அந்த மனிசன்ட கத்திய நான் குடுக்கிறன். நீங்க உள்ளுக்கு போய் ஈங்க."

"வாங்குனது நானு, மக்கீன்."

"அப்ப நானும் இங்கதான் ஈக்கிறன். பயமெண்டா பயமெண்டு சொல்லுங்களே!"

"பயமாத்தான் இருக்கு." அதைச் சொல்லிவிட்டுத்தான் அன்று பார்சலைப் பிரித்தார்.

மொட்டைத் தலையோடு இராமசாமி வந்தார். அண்ணன் கத்தியை நீட்டினார். அவர் அதன் வாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"எண்ணெ போட்டது யாரு?"

"நாந்தாங்க."

"எதுக்கு?"

மக்கீன் நானா எழுந்து நின்றார். இராமசாமி கத்தியைத் தானே பெட்டியில் போட்டுவிட்டு, அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மணி அடித்தது, உள்ளே போகவில்லை. கூட்டம் கலைந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அண்ணனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது மக்கீன் நானா இருவருக்கும் நடுவில் உட்காருகிறார். நேற்று மணிக்கு முன்னாலேயே அண்ணன் கேட்டைத் திறந்தார்.

"உள்ள போங்க ஐயா."

அது நாலாவது குரல். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இராமசாமி எழவில்லை. "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார்.