பிளாசாவுக்குப் பின்னால தோண்டின குழி

பேய் பிசாசு எண்டு ஆரும் கதை துடங்கினா எழும்பிப் போற ஆள் நான். ஊரில சண்டைக்க, செல்லடிக்குள்ள வளந்தனாங்கள், எங்களுக்கு உயிரோட இருந்தவையிலதான் பயம். நீங்கள் சிரிப்பியள், சிரியுங்கோ, நடந்ததைச் சொல்லுறன்.

தொண்ணூறுகளின்ர நடுவில. என்ர தம்பி ரூபனுக்குப் பலகையில நிண்டு பனியில சறுக்கிற ஸ்னோபோர்ட் பைத்தியம். எல்லாரும் ஓடுற இடம் போதாதாம், மேற்கில ரொக்கி மலையில ஆரும் மிதிக்காத சரிவில இறங்கோணுமாம். அங்க பனிச்சரிவு மூடினா கூடப் போன ஆள்தான் உடன தோண்டி எடுக்கோணும், வேற ஆக்கள் வந்து சேருமட்டும் மூச்சு இராது. போறதெண்டா நானும் வாறன் எண்டன். எனக்கு இருக்கிறது உவன் ஒருத்தன், உவனைப் பனிக்குக் குடுக்கவே கனடா வந்தது? ஸ்கீயும் பழகி, பனிச்சரிவு வகுப்புக்கும் போனன்.

மில்லிக்கனில எங்கட வீட்டடிப் பிளாசாவுக்குப் பின்னால, பார்க்கிங்கில வழிச்ச ஸ்னோவை வீட்டுயரத்துக்குக் குவிச்சிருப்பாங்கள். அதுதான் எங்கட ரொக்கி மலை. பீக்கன் எண்டு கழுத்தில கொழுவுற ஒரு பெட்டி, தம்பி தன்ரதைப் பையில போட்டுப் புதைப்பான், நான் கிட்டப் போகப்போக என்ர பெட்டி பீப் பீப் எண்டு கத்தும், பிறகு நீளக் கம்பியால குத்திப் பாத்துத் தோண்டுறது. "நீங்கள் எடுக்கிறதுக்குள்ள என்ர செத்தவீட்டு முப்பத்தொண்டும் முடிஞ்சிடும் அக்கா" எண்டு பகிடி பண்ணுவான். எனக்கு விசர் வரும், விடமாட்டன்.

அண்டைக்குச் சனிக்கிழமை பின்னேரம். அவன் பையோட மற்றப் பக்கம் போனான், புதைச்சிட்டான் எண்டு நினைச்சு நான் தேடத் துடங்கிட்டன். ஒரு மூலையில பெட்டி காது கிழியக் கத்துது. கம்பி ஏதோ மெத்தெண்டதில முட்டிச்சு. மூசி மூசித் தோண்டினன். அந்த நேரம் பார்த்து ரோட்டில ஸ்னோ வழிக்கிற ட்ரக் முன்னால இருக்கிற இரும்பு அலகைத் தொம்மெண்டு போட்டுது, செல்லுக்குப் பழகின உடம்பெல்லோ, பொத்தெண்டு குப்புற விழுந்தன், முகம் குழிக்குள்ள.

எழும்பிப் பாத்தா, நம்பினா நம்புங்கோ, சிரட்டை மாதிரி ஒரு ஐஸ் ஓடு. உள்ளுக்கு ஒரு முகத்தின்ர அச்சு, நெத்தி, மூக்கு, திறந்த வாய். புதைஞ்ச ஆளின்ர மூச்சு பட்டு முகத்துக்கு முன்னால ஸ்னோ உருகி இப்பிடித்தான் இறுகும் எண்டு வகுப்பில சொன்னவை. விரலை வச்சன், உள்பக்கம் இளஞ்சூடு.

"தம்பி!" எண்டு கத்தினன். அவன் காரடியில இருந்து ஓடிவாறான், ஒரு கையில பீக்கன், மற்றக் கையில அதுக்குப் போடுற பற்றரி.

"ஏனக்கா தோண்டுறியள்? நான் இன்னும் புதைக்கவே இல்லை!"

ரெண்டுபேருமாக் குவியலையே பிரட்டினம். ஆரும் இல்லை.

"உங்கட முகம் பட்ட அடையாளம்தான் அக்கா" எண்டான் தம்பி. நீங்களும் அதைத்தான் சொல்லுவியள். நான் வாதாடேல்லை. ஆனா அடுத்த சனி தொடக்கம் பெட்டியைப் புதைச்சது நான், தேடினது அவன். அதுவரைக்கும் தேடிப் பழகாத பெடியன், கை விறைச்சு அழ அழ விடேல்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான் எண்டு வந்தாப் பிறகுதான் மலைக்குப் போனம். இப்பவும் ஒவ்வொரு வின்ரரும் போறம், வாறம், பயந்து நிக்கிற ஆள் நான் இல்லை.

ஏன் அவனைத் தேட விட்டனான் எண்டு அவனுக்கு இண்டைக்கும் தெரியாது. அந்த ஓட்டில மூக்குக்குப் பக்கத்தில குட்டிப் பள்ளம் ஒண்டு இருந்தது, என்ர மூக்குத்தி அளவுக்கு, அதே பக்கத்தில. அண்டைக்குக் குளிருக்குக் கடுக்கும் எண்டு மூக்குத்தியைக் கழட்டி வீட்டில வச்சிட்டுத்தான் நான் போனனான்.