குப்பைக் கேட் வழியாக வந்த செக்ரெட்டரி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு நேர் எதிரே ஒரு குழி இருக்கிறது. அதற்கு ஒரு வயது நிறைந்த அன்று நான் கேக் வெட்டினேன்.

மெழுகுவர்த்தி, காகிதத் தொப்பி, ஊதல் எல்லாம் உண்டு. ஐம்பதைத் தாண்டிய ஆள் நடுரோட்டில் குந்தி, குழிக்குக் கேக் ஊட்டுகிற வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குழுவைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் என் அலுவலகம் வரை போயிற்று. எனக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் பேனர். ‘இதற்குக் கையெழுத்துப் போட்டது யார்?’ என்று மூன்று மொழிகளில் கேட்டிருந்தேன். பேனரின் ஒரு முனையை வாட்ச்மேன் பிடித்திருந்தார். மறுமுனையைப் பிடித்திருந்தவர், கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அம்மா. அடுகோடி ஏரியாவில் ஒற்றை அறை வீடு. புருஷன் இல்லை. அந்த வண்டிதான் அவருக்கு எல்லாம்.

“அண்ணா, குழிக்குக் கேக்கு குடுத்தீங்களே, எனக்கு இல்லியா?” என்று கேட்டு ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். “அடுத்த வருசம் இதுக்குக் காது குத்திடலாம்.”

அவருடைய நகைச்சுவை என்னுடையதைவிடத் தேவலை என்று எனக்கு அப்போதே ஒரு பொறாமை.

எங்கள் வார்டில் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலே பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. குழியைப் பற்றிக் கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டும், அது மூன்றாவதைக் காட்டும், மூன்றாவதில் மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். அதனால் எனக்கு ஜோக்குக்குப் பஞ்சமே வந்ததில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு மந்திரியைக் கிண்டல் செய்து குழுவில் போட்டுவிடுவேன். அதுதான் என் ஜனநாயகக் கடமை.

கேக் வெட்டிய புகழில் அடுத்த பொதுக்குழுவில் என்னைச் செக்ரெட்டரி ஆக்கிவிட்டார்கள். போட்டியெல்லாம் இல்லை. நான் இரண்டாவது காபி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் கைதட்டினார்கள். ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் என் கைக்கு வந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று வீட்டில் ஒரு பழைய கரண்ட் பில்லின் பின்புறம் அந்த ஸ்டாம்பை ஏழெட்டு முறை குத்திப் பார்த்தேன்.

“பட்டம் கட்டியாச்சு. செங்கோலையும் கேட்டு வாங்கியிருக்கலாமே?” என்றாள் மனைவி.

பொருளாளர் ஓய்வு பெற்ற மனிதர், எதையும் வரிசை எண் போட்டுத்தான் பேசுவார். ஒரு நாள் காலை நான் கம்பெனி கேப்புக்கு ஓடிக்கொண்டிருந்தபோது லிஃப்ட்டில் மடக்கினார். குழி விஷயமாக வார்டு ஆபீஸில் பேசினாராம். குழியை மட்டும் எழுதினால் எடுபடாது, நடைபாதைப் பிரச்சினை எல்லாவற்றையும் சேர்த்துப் படங்களோடு கொடுங்கள் என்றார்களாம். கன்னடத்தில் மனு தயார். நடைபாதையை அடைத்திருப்பவை என்று எட்டுப் படங்கள். கீழே நின்றிருந்த ஒரு காரின் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்பும் குத்தினேன். கேப் ஹார்ன் அடித்தது.

பிறகு மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

ஒரு திங்கள்கிழமை அலுவலக மீட்டிங்கில் இருந்தபோது போன் அதிர ஆரம்பித்தது. குழுவில் ஒரு படம். லாரியின் மேல் அந்த இஸ்திரி வண்டி, கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி, நாலு சக்கரமும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு. கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். ‘கடைசியில் ஒரு செயல்வீரர் கிடைத்தார்.’ ‘செக்ரெட்டரிக்கு நன்றி.’ ஐந்து நிமிஷம் கழித்து வேறு குரல்கள்: ‘ஐயோ, என் துணி?’ ‘என் பட்டு வேட்டி அதில்தான் இருந்தது!’

மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடினேன். கழிவறையில் உட்கார்ந்துகொண்டு குழுவுக்கு என்ன பதில் போடுவது என்று யோசித்தேன். கடைசியில் கும்பிடும் கை ஒன்றைப் போட்டேன். நன்றிக்கும் மன்னிப்புக்கும் அது ஒன்றே போதும் பாருங்கள்.

மாலையில் கேப் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் கேட்டருகே அந்த அம்மா நிற்பது தெரிந்தது. “பின்னாடி கேட்ல விட்ருங்க” என்றேன் டிரைவரிடம். “சார், அது குப்பை வண்டி வர்ற கேட்டு.” “பரவால்ல, அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்.” அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்று நாள் அப்படித்தான் வீட்டுக்குப் போனேன். ஈரக் குப்பை, உலர் குப்பை என்று எழுதிய டிரம்களுக்கு நடுவே, மூச்சை அடக்கி, லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. குழுவின் செயல்வீரர். சட்டைகள் கசங்கிப் போய் அலுவலகத்தில் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள்.

“எதுக்கு ஒளியறீங்க? படிக்காம போட்டுட்டேன்னு சொல்லுங்களேன்” என்றாள் மனைவி.

அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அலுவலக நண்பர்களிடமும் அதைத்தான் சொன்னேன். பானட், கேப், ஹார்ன், அவசரம்; கேட்பவர்கள் ‘பாவம்’ என்று சொல்லும்படி அழகாக வரும் அந்தக் கதை. இங்கேயும் மேலே அதே கதையைத்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள், இத்தனை நாள் கழித்தும்.

நான் பார்த்தேன். ஏழாம் நம்பர் படம் அந்த வண்டி. வண்டிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது என் நீலக் கட்டம் போட்ட சட்டை. “ஏன் சார், என் சட்டையும் ஆக்கிரமிப்பா?” என்று பொருளாளரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்; லிஸ்ட் குறைந்தால் மதிப்புக் குறையும் என்று அவர் சொல்லியிருப்பார், பேச்சு வளர்ந்திருக்கும், கேப் போயிருக்கும். தவிர, இந்த ஊரில் எந்த மனுவுக்கு யார் அசைந்திருக்கிறார்கள்? யாரும் எதுவும் செய்யமாட்டார்கள் என்று தினமும் குழுவில் கிண்டல் செய்துவந்த நான், அந்த நம்பிக்கையில்தான் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கத்தின் சோம்பலை என்னைப்போல் நம்பியவன் எவனும் இருக்கமாட்டான்.

நாலாம் நாள் மாட்டிக்கொண்டேன். குப்பைக் கேட்டிலேயே. முன் கேட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் அவர் இங்கே வந்து, உலர் குப்பை டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா! நல்ல வேளை. உங்களத்தான் பாக்கணும்னு மூணு நாளா சுத்திகினு இருக்கேன்.” பக்கத்திலிருந்து ஒரு மூட்டையை எடுத்து நீட்டினார். “உங்க துணி. லாரி வந்ததும் எல்லார் துணியயும் எறக்கி வாட்ச்மேன் ரூம்ல போட்டுட்டேன். அதுல ரெண்டு சட்ட தேய்க்காம இருக்கு, கோச்சுக்காதீங்க. பெட்டிய எறக்கறதுக்குள்ள வண்டியத் தூக்கிட்டாங்க.”

அவருடைய இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டு எங்கள் பட்டு வேட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார். மூட்டைக்குள் நீலக் கட்டச் சட்டை மேலாக இருந்தது. நன்றாகத் தேய்த்து மடித்திருந்தது.

பிறகு ஒரு காகிதத்தைப் பிரித்தார். மனுவின் ஜெராக்ஸ். வார்டு ஆபீஸில் கெஞ்சி வாங்கினாராம். “கன்னடம் பேசுவேன், படிக்க வராது. வேற யார்கிட்டயும் குடுக்க மனசில்ல. நீங்க நம்மாளு. இன்னா எழுதியிருக்காங்கன்னு படிச்சு சொல்லுங்கண்ணா.”

படித்தேன். ‘பொதுமக்களுக்கு இடையூறாக’ என்ற இடத்தில் இருமினேன். எல்லாவற்றையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரி வந்ததும் காகிதத்தை மடித்தேன்.

“கீழ சீல் இருக்கே, கையெழுத்து இருக்கே. யாருது அது?”

“கமிட்டிம்மா. கமிட்டி போட்டது.”

“கமிட்டிக்குக் கை இருக்குமா? ஒரு ஆள்தானே போட்டிருப்பாரு?”

“கிறுக்கலா இருக்கு. ஜெராக்ஸ்ல சரியா விழல.”

முப்பது வருஷமாக நான் போடுகிற கையெழுத்து அது. பாங்க் மேனேஜர்கள் புகழ்ந்த கையெழுத்து. அத்தனை தெளிவாக விழுந்திருந்தது.

“சரி, விடுங்க. நீங்க செக்ரெட்டரிதானே, வண்டிய விடச் சொல்லி ஒரு லெட்டர் குடுங்க. சனிக்கெழம வண்டிய ஏலத்துக்கு எழுதிடுவாங்களாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சொல்லாமலேயே சரிசெய்துவிடலாமே! மேலே ஓடி, என் கன்னடம் முழுவதையும் இறக்கி ஒரு உருக்கமான மனு எழுதினேன். ஸ்டாம்பை அழுத்திக் குத்தினேன். சனிக்கிழமை நானே கூட வருவதாகச் சொன்னேன். ஆட்டோவில் போகும்போது அவர், “உங்களுக்குப் புண்ணியமாப் போவும்ணா” என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வார்டு ஆபீஸில் உதவி இன்ஜினியர் இளைஞர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார். என் மனுவைப் படித்தார். எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்துவந்து பழைய மனுவைப் பிரித்து, புதியதைப் பக்கத்தில் வைத்தார். இங்கும் அங்கும் பார்த்தார்.

“ஏனு சார் இது?” என்றார். பிறகு கன்னடத்திலேயே, எந்தக் கோபமும் இல்லாமல், “எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான், கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். ஒரே கையெழுத்து, ஒரே சீல். நான் எந்த உங்களை நம்புவது?”

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குக் கன்னடம் படிக்கத்தான் வராது.

அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்குள் மூன்று ஜோக்குகள் தயாராக வந்து நின்றன. பழக்கதோஷம். மூன்றையும் விழுங்கினேன்.

“புகார் தவறு என்று எழுதிக் கொடுத்தால் விடலாம்” என்றார் இன்ஜினியர். “ஆனால் சங்கத்தின் பெயரில் என்றால் கமிட்டித் தீர்மானம் வேண்டும். அதற்கு நாளாகும், வண்டி ஏலத்துக்குப் போய்விடும். உங்கள் சொந்தப் பெயரில், சொந்த விலாசத்தில் கொடுத்தால் இன்றைக்கே முடியும். சீல் வேண்டாம்.”

சொந்தப் பெயரில்! ஸ்டாம்ப் இல்லாமல்! “கமிட்டில ஒரு வார்த்தை பேசிட்டு…” என்று ஆரம்பித்தேன்.

“எழுதறதுன்னா எழுதுங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். குரல் உயரவில்லை. “இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நா வேற வழி பாக்கணும்.”

எழுதினேன். ‘நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்’ என்றுதான் பேனா ஓடிற்று. எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியம், அதுவாகவே வந்தது. அடித்தேன். ‘படத்தில் இருப்பது யாருடைய வண்டி என்று தெரிந்தும், எதுவும் நடக்காது என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். புகாரின் இந்தப் பகுதி தவறு’ என்று எழுதினேன். இன்ஜினியர் படித்துவிட்டு, “இவ்வளவு தேவையில்லை சார்” என்றார்.

“அவர் எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுங்க சார்” என்று அந்த அம்மா கன்னடத்தில் அவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவர் படித்துக் காட்டினார், கீழே இருந்த பெயர் வரைக்கும்.

வண்டி மறுநாள் வந்தது. ஒரு சக்கரம் கோணல், மேல் தார்ப்பாய் இல்லை, இஸ்திரிப் பெட்டியைக் கடைசிவரை காணவே இல்லை. புதுப் பெட்டி நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, “வேணாம், சொல்லி வச்சிருக்கேன்” என்று முடித்துவிட்டார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பொருளாளர் மட்டும், ‘1. இதை இங்கே போட்டிருக்க வேண்டாம். 2. குழி விஷயம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டிருந்தார்.

ராஜினாமா செய்யப்போகிறேன் என்றேன் வீட்டில், கொஞ்சம் கம்பீரமாக.

“ஏன், இப்ப முன் கேட்டு வழியா ஓடறதுக்கா?” என்றாள்.

அதனால் இன்னும் செக்ரெட்டரியாகத்தான் இருக்கிறேன். எட்டுப் படங்களில் மீதி ஏழையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு இடங்களில் அங்கேயே பிழைப்பு நடத்துகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடமும் போய், கையெழுத்து என்னுடையது என்று சொன்னேன்; ஒருவர் டீ கொடுத்தார், ஒருவர் திட்டினார். டீயைவிடத் திட்டு சுலபமாக இருந்தது.

மழை ஆரம்பித்தபோது வாட்ச்மேன் தன் அறையில் கிடந்த குழியின் பிறந்தநாள் பேனரை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இப்போது அதுதான் வண்டிக்குக் கூரை. எழுத்துப் பக்கம், அந்த மூன்று மொழிக் கேள்வி, வெளியே தெரிகிறது. தினமும் காலையில் கேப்புக்காக முன் கேட்டில் நிற்கும்போது அதற்கு எதிரேதான் நிற்கிறேன்.

துணி இன்னும் அவரிடம்தான் போடுகிறேன். முதல் முறை மூட்டையை எடுத்துக்கொண்டு போனபோது, திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். வாங்கிக்கொண்டார். பிரித்து எண்ணினார். நீலக் கட்டச் சட்டையை எடுத்து உதறி, காலரைப் பார்த்து, மற்றவற்றோடு வைத்தார்.

“எப்ப வேணும் சார்?” என்றார்.

“நாளைக்கு வந்தா போதும்மா” என்றேன்.