அப்பாவின் பல்செட்டும் கடைசிக் கையெழுத்தும்

பல் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடத்தில், எதிரே யார் வந்தாலும் முதலில் அவர் வாயைத்தான் பார்ப்பேன். இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை அடைத்திருக்க வேண்டும், இத்தனை பேருக்கு முழுப் பல்செட் கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. இதற்கு நடுவில் வகுப்பு, படிப்பு, ரெக்கார்டு நோட்டு. உட்கார்ந்து சாப்பிட்டதாகவே ஞாபகமில்லை.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு பல்செட் பாக்கி நின்றது. பேஷண்ட் கிடைக்கவில்லை என்று போனில் அம்மாவிடம் அழுதேன். மறுநாள் அப்பா காரைக்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நின்றார். சர்க்கரை வந்து அவருக்குப் பல்லெல்லாம் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஊரார் வாயையெல்லாம் பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பல் டாக்டருக்குப் படிக்கிற மகள்!

அளவெடுக்க, மெழுகில் வைத்துப் பார்க்க என்று ஐந்து தடவை வந்தார். டவுன் பஸ் டிரைவர். லீவு கேட்பதென்றால் அவருக்கு உயிர் போகும். செட்டை மாட்டி ஒரு வாரம் கழித்து, கையெழுத்துக்காகப் பேராசிரியர் முன்னால் அவரை உட்கார வைத்தேன்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் பேராசிரியர்.

“ஒரு கொறையும் இல்லீங்க சார். பாருங்க” என்று அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தேன்குழலை எடுத்துக் கடித்துக் காட்டினார். பேராசிரியர் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். நான் அப்பாவின் இன்னொரு கையைப் பார்த்தேன். அது நாற்காலிப் பிடியை நெரித்துக்கொண்டிருந்தது.

“சார், அவருக்கு வலிக்குது” என்று சொல்லிவிட்டேன்.

செட்டைக் கழற்றினால், கீழ் ஈறில் இரண்டு இடத்தில் புண். பேராசிரியர் பேனாவை மூடினார். “சரி பண்ணிட்டு ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாம்மா.”

வராந்தாவில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்ப்பா பொய் சொன்னீக? ஒரு வாரமா என்னத்தச் சாப்பிட்டீக?”

“கஞ்சிதான். நீ படுற பாட்டுக்கு நான் வேற எதுக்காத்தா? கையெழுத்து விழுகுற நேரத்துல கெடுத்துட்டியே!”

“நீங்களே எங்கிட்ட மறைச்சா, நான் யாருக்குப்பா வைத்தியம் பாக்குறது?” என்று கேட்டு அங்கேயே அழுதேன். அவர் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

உறுத்தின இடத்தை ராவிச் சரிசெய்து, இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார வைத்தேன். பரீட்சை நெருங்கிவிட்டது. பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏதோ தப்புச் செய்தவர் போல மெதுவாக, “எடது பக்கம் இன்னுங் கொஞ்சம் வலிக்குதுங்க சார்” என்றார்.

வலிக்கிறது என்று அப்பா சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கையெழுத்து அன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. விளக்கை அவர் வாய்க்கு நேராக இழுத்து, “எந்த எடம்னு காட்டுங்கப்பா” என்றேன்.