கம்பத்துக்கு முன்னால் ஒரு பெயர்

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒருவரை வழியில் பார்த்தால் "சுடா மாக்கான்?" என்று கேட்போம். சாப்பிட்டாயா என்று பொருள். சாப்பிடாதவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு நடப்பார். பரமத்தி வேலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் என் மகள் மல்லிகாவின் ஊரில் கேட்பது வேறு. "ஏனுங்க, எப்பங்க ஊருக்கு?" நான் வந்து இறங்கிய நான்காம் நாளே இது என் காதில் விழுந்தது. டீக்கடைக்காரர், வாழைக்காய் ஏற்ற வந்தவர், முடிவெட்டுகிறவர் எல்லோரும் கேட்டார்கள். நான் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக முப்பது ஆண்டு இருந்தவன். எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் அது நடந்ததாகவே தோன்றாது. எழுபதாம் நாள் இரவு டைரியைப் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டு முறை கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பதினாறு பேர். அதில் பாவாயி என்ற பெண்மணி மட்டும் ஒன்பது முறை. மாசி பிறந்த பிறகு கேள்வி இன்னும் அடர்ந்திருந்தது. நான் போவதில் இவர்களுக்கு என்ன அவசரம் என்று அடிக்கோடிட்டு எழுதினேன்.

போகத்தான் வேண்டும். என் விசாவில் ஒருமுறை வந்தால் தொண்ணூறு நாள்தான். எண்பத்தொன்பதாம் நாளுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஒரு நாள் கையிருப்பு எனக்கு எப்போதும் வேண்டும்.

பாவாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகன் செந்திலின் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி கட்ட வருகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அகத்தி மரத்தோடு சேர்த்து வெற்றிலைக் கொடியை வாழைநாரால் கட்டும் வேலை அது. கட்டு இறுகினால் கொடி முறியும், தளர்ந்தால் சரியும். பொழுது போகாமல் நானும் நார் எடுத்துக் கொடுக்கப் போனேன். உள்ளே எப்போதும் ஈரம், பச்சை நிழல், ஆள் முகம் தெரியாது. முன்பு விடிகாலையில் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போன தோட்டத்து நிழல்போலவே இருந்தது; அதை நாங்கள் லடாங் என்போம். பதினெட்டாம் நாள் காலையில் அங்கே என்னை அறியாமல் முனகினேன். ஒரு வாரத்தில் அது பாட்டாகிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு நான் கட்டிய முதல் பாட்டு.

"கொடிக்காலைச் சுத்தி நாலு பக்கம் வேலி – எங்க
ரப்பர்க் காட்டுக்கு எந்தப் பக்கம் வாசல்?"

இருபத்தேழு ஆண்டு ஏன் பாடவில்லை என்று மல்லிகாவுக்கே நான் சொன்னதில்லை. தோட்டத்துத் திருவிழாக்களில் என் குழுதான் பாடும். பாட்டெல்லாம் நான் கட்டியவை. பட்டணத்திலிருந்து இருவர் டேப்புடன் வந்து, நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து, என் கையால் தே தாரிக் டீ வாங்கிக் குடித்துப் பதிவு செய்துகொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்துப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடையில் கேசட் தொங்கியது. உறையில், இயற்றியவர் என்ற இடத்தில் "நாட்டுப்புறம்" என்று அச்சிட்டிருந்தார்கள். நான் உயிரோடு, அந்தக் கடைக்கு முன்னால், கையில் காய்கறிப் பையுடன் நின்றேன். அன்று பாட்டை நிறுத்தினேன். அதன் பிறகு கட்டிய இந்த ஒரு பாட்டில் கடைசி அடியாக, எங்கள் பேராக் மாநிலத்தோடு என் பெயரையும் வைத்தேன்: "பேராக்குத் தோட்டத்து மாணிக்கம் சொன்ன கும்மி."

எழுபத்தோராம் நாள் மாலை. மாரியம்மன் கோயில் முன்னால் பெண்கள் கும்மிக்கு ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டுப் போனேன். என் பாட்டு. எந்த அடியும் பிசகவில்லை. நான் இரண்டு முறைதான் முழுதாகப் பாடியிருப்பேன், பாவாயி அதற்குள் மனப்பாடம் செய்து பதினான்கு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். கைதட்டலோடு கேட்கும்போது எனக்கே புதிதாக இருந்தது. கடைசி அடிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. முந்தின அடியோடு குலவையிட்டு முடித்துவிட்டார்கள்.

நேராகப் பாவாயியிடம் போனேன். "என் பேரு எங்கே?" என்றேன்.

"ஏனுங்ணா, வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"தண்ணி வேணாம்லா. பாட்டு என்னோடது. பேரை வெட்டிட்டீங்க."

பின்னாலிருந்த ஒருத்தி சிரித்தாள். "பாட்டுல என்னங்க உம்பட எம்பட. பேரு வேணுமின்னா ஊட்டு வாசல்ல போர்டு மாட்டிக்கறது."

"நீ செத்த சும்மா இரு புள்ள" என்றார் பாவாயி. பிறகு என்னிடம், "எப்பங்ணா ஊருக்கு?"

பத்தாவது முறை. பாட்டையும் எடுத்துக்கொண்டு ஆளையும் விரட்டுகிறார்கள் என்று தோன்றியது. நேராக வீட்டுக்கு வந்து, நடந்ததைத் தேதி, நேரம், ஆட்களுடன் எழுதினேன். கேசட் விஷயத்தில் எழுதி வைக்காதது என் தவறு; இம்முறை அப்படி விடக்கூடாது.

எழுதிக்கொண்டிருந்தபோது செந்தில் வந்து எட்டிப் பார்த்தார். "மாமா, பாவாயக்கா மேல கோவிச்சுக்கிட்டீங்களாமா? அவிங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிருக்காதுங்க" என்று உட்கார்ந்து விளக்கினார். இன்னும் ஏழு நாளில் சாட்டு. சாட்டு என்றால் தப்படித்துத் திருவிழாவை ஊருக்கு அறிவிப்பது. அன்றே மூன்று கிளை விட்ட மரக்கம்பத்தைக் கோயில் முன் நட்டு, மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். பதினைந்து நாள் கழித்துக் கம்பம் காவிரிக்குப் போகும். அதுவரை காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. கம்பத்துக்கு முன்னால் பாட்டில் ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் காப்புக் கட்டி ஊருக்குள் இருக்க வேண்டும். இல்லாதவர் பெயரைச் சொன்னால் அம்மனிடம் பொய் சொன்னதுபோல.

"மொதல்ல கேட்டது சும்மா விசாரிப்புங்க. மாசிக்கு அப்பறம் அதுக்குத்தானுங்க எல்லாரும் எப்ப ஊருக்குன்னு கேக்கறாங்க. நீங்க இருப்பீங்கன்னா பேரு வெச்சுப் பாடலாமின்னு."

டைரியைத் திறந்து எண்ணினேன். சாட்டு எழுபத்தெட்டாம் நாள். கம்பம் ஆற்றுக்குப் போவது தொண்ணூற்று மூன்றாம் நாள். மூன்று நாள் இடிக்கிறது. ஒரு மனிதனின் பெயருக்கும் ஒரு விசா முத்திரைக்கும் நடுவில் மூன்று நாள். உண்மையைச் சொன்னால், செந்திலையும் நான் முழுதாக நம்பவில்லை. அம்மன் பெயரைச் சொல்லி என் பெயரை விழுங்குவதற்கு இது நல்ல ஏற்பாடாகவும் இருக்கலாமே. மறுநாள் கோயில் பூசாரியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அதையே சொன்னார். டீக்கடையில் கேட்டேன். அதையே சொன்னார்கள். என்னைக் கேட்ட பதினாறு பேரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்க முடியாது என்று எழுதிக்கொண்டேன்.

வழி சொன்னவர் பாவாயிதான். கொடிக்காலில் நார் கிழித்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் பேசினார்.

"வெளிமாநிலம் லைனுக்குப் போன லாரிக்காரங்க சாட்டுக்கு வர முடியாதுங்ணா. அவிங்க ஊட்டுல இருக்கறவ தன் கையில ரெண்டு காப்புக் கட்டிக்குவா. ஒண்ணு தனக்கு, ஒண்ணு அந்தாளுக்கு. எம்பட ஊட்டுக்காரருக்கு நான் இருவது வருசம் கட்டியிருக்கறேன். மல்லிகா கட்டட்டும்."

"அப்போ என் பேரு வருமா?"

"பேரு தனியா வராதுங்ணா. கட்டினவ பேரோட சேந்துதான் வரும். மல்லிகா அப்பன்னு வேணுமின்னாப் பாடலாம்."

"அது என் பேரு இல்லையே."

"பின்ன அது யாருங்ணா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அகத்திக்கு நகர்ந்துவிட்டார்.

எழுபத்தெட்டாம் நாள் மாலை கம்பம் நட்டார்கள். மல்லிகா இரண்டு காப்புக் கட்டிக்கொண்டாள். ஈப்போவில் பிறந்து, திருமணமாகி வந்து ஆறு ஆண்டில் இந்த ஊர்ப் பெண்ணாகவே ஆகிவிட்டவள். கையை நீட்டும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தப்பும் சட்டிமேளமும் முழங்க ஆண்கள் சுற்றி ஆடினார்கள். பிறகு பெண்கள் வட்டம் கட்டி, என்னை வட்டத்துக்கு வெளியே நிற்க வைத்து, முதல் அடியை எடுக்கச் சொன்னார்கள். குரல் முதலில் உடைந்தது. இரண்டாம் அடியில் பதினான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசியில், "மல்லிகாப்பன் சொன்ன கும்மி" என்று பாவாயி குரல் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ "ஆருங்க அது?" என்று கேட்க, வேறு யாரோ என்னைக் கைகாட்டினார்கள். பதினொரு மாலை பாடினேன். எந்த மாலையும் அந்த அடி விடுபடவில்லை; ஒவ்வொரு நாளும் குறித்திருக்கிறேன்.

எண்பத்தொன்பதாம் நாள் கிளம்பினேன். கோலாலம்பூர் விமான நிலையக் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "லாமா பாலேக் கம்போங்?" என்றாள். ரொம்ப நாள் சொந்த ஊருக்குப் போயிருந்தீர்களோ என்று கேட்கிறாள். அது என் மகள் ஊர், என் ஊர் ஈப்போ என்று சொன்னேன். சரி சரி என்று முத்திரை குத்தினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் நாள் மாலை மல்லிகா வீடியோ அனுப்பினாள். நான் இல்லாதபோது என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் முதலில் திறந்தேன். கம்பத்தைத் தோளில் சுமந்து காவிரிக் கரைக்கு வருகிறார்கள். என் பாட்டு கேட்கிறது. கடைசி அடி வருகிற இடத்தில் தப்புச் சத்தம் ஓங்கி அமுக்கிவிடுகிறது. ஆறு முறை ஓட்டிப் பார்த்தேன். பாவாயியின் வாய் அசைகிறது; என்ன சொன்னார் என்று உறுதியாக எழுத முடியவில்லை.

கம்பம் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு மல்லிகா இரண்டு காப்பையும் அவிழ்த்து ஆற்றில் விடுகிறாள். ஒரு மஞ்சள் நூல் நீரோட்டத்தில் போய்விட்டது. இன்னொன்று கரைக் கோரைப்புல்லில் மாட்டிக்கொண்டு அங்கேயே ஆடுகிறது. படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"அதுல எதும்மா என்னோடது?"

"ரெண்டையும் சேர்த்துத்தானேப்பா அவுத்தேன். பாக்கலயே."

டைரியில் அந்த நாளுக்கு எதிரே இரண்டு நூல் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.