குண்டனின் வயிறு

போன வாரம் நான் ஒரு நாய்க்குட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தேன். நல்ல எண்ணத்தோடுதான்!

கேரள எல்லையில், வாளையாரில், எங்கள் வீட்டு நாய் சிட்டு நாலு குட்டி போட்டிருந்தாள். மூன்று வாரக் குட்டிகள். அதில் ஒன்றுக்கு மட்டும் வயிறு பந்து மாதிரி. குண்டன் என்று பெயரே வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மா தினமும் வந்து பார்ப்பார்.

"ஏனுங்க, இவனே எல்லாப் பாலையும் குடிச்சுப்போடறானுங்க. மத்ததெல்லாம் பாவமுங்க."

நியாயமான பேச்சு. நானும் நாட்டாமை ஆனேன். குண்டன் பால் குடிக்கப் போகும்போதெல்லாம் தூக்கி ஒரு அட்டைப்பெட்டியில் விட்டேன். மற்ற மூன்றும் குடித்து முடித்த பிறகே அவன் முறை. இரண்டு நாள் கத்தினான். மூன்றாம் நாள் சத்தமே இல்லை... அடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது.

துண்டில் சுற்றிக்கொண்டு மிருகாசுபத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா அவனுக்குச் சூடு காட்டி, குளுக்கோஸ் ஊட்டிவிட்டு, வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"சாரே, இது பாலல்ல. புழு. குட்டி பட்டினியாக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. சிட்டுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறவன் நான். குட்டிகள் வாசலைத் தாண்டியதே இல்லை. பிறகு எப்படி?

"தாய்கிட்டேர்ந்து வந்ததுதான் சாரே. அது குட்டியா இருந்தப்போ மண்ணுல கிடந்த முட்டை வாயில போயிருக்கும். பொரிஞ்ச புழுவுல கொஞ்சம் சதைக்குள்ள போய் உறங்கும். நீங்க கொடுக்கிற மருந்து குடல்ல இருக்கறதுக்குத்தான், அங்கே எட்டாது. தாய் கர்ப்பமானா அந்தப் புழு எழுந்திரிச்சு, வயித்துல இருக்கற குட்டிக்குள்ள போகும். பால்லயும் வரும்."

சிட்டுவுக்கு நாலு வயது. எங்கள் கூடத்தில் படுத்து, எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவள். அத்தனை காலமும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவள் சதைக்குள் காத்துக் கிடந்திருக்கிறது! அதற்குக் கண் இல்லை, காது இல்லை. அவள் தாயாகப் போகிறாள் என்று அதனிடம் யார் சொன்னது? கூடவே இருக்கிற எங்களுக்கே அவள் வயிறு தொங்கிய பிறகுதானே தெரிந்தது? அருவருப்பு வந்திருக்க வேண்டும். எனக்கோ — சிரிக்காதீர்கள் — கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாலு குட்டிகளுக்கும் எடை பார்த்து மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை குண்டன் வெளியேற்றியதைப் பார்க்க வேண்டுமே... வெந்த சேமியாவைச் சுருட்டி வைத்தது போல ஒரு குவியல். அதில் சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

"இத்தனையும் இந்தத் துளியூண்டு வவுத்துக்குள்ளயா இருந்துச்சுங்க?" என்றார் சரஸ்வதியம்மா, மெல்லிய குரலில்.

இரண்டு நாளில் வயிறு வற்றியது. அப்போதுதான் அவன் விலா எலும்புகள் தெரிந்தன. எலும்பும் தோலும். வீட்டிலேயே அதிகம் பசித்துக் கிடந்த குட்டி அவன்தான். அவனைத்தான் நான் பாலிலிருந்து பிடித்து இழுத்திருக்கிறேன்.

தள்ளாடிப் போய் தாயின் மடியைக் கவ்வினான். குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

இன்னொருத்தர் வயிறு நிறைந்துவிட்டது என்று, சத்தியமாக, இனி நான் வாயைத் திறக்க மாட்டேன்.